இறங்கிப் பார்க்காத கார்

ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் பெயர்ப்பதே பிழைப்பாகிவிட்ட என் போன்றவர்களுக்கு ‘எமர்ஜென்சி’ எப்போதும் தொல்லை தரும் சொல். 1975-ஐப் பற்றிய செய்தி என்றால் நெருக்கடி நிலை என்று எழுதிவிடலாம். ஆஸ்பத்திரி என்றால் அவசர சிகிச்சைப் பிரிவு. சாலை விஷயத்தில்தான் சிக்கல். தமிழில் ‘அவசரம்’ என்றால் ஆபத்தும் உண்டு, வேகமும் உண்டு. ‘அவசரத்தில் என்ன செய்ய வேண்டும்?’ என்று எழுதினால், ‘எதையாவது சீக்கிரம் செய்’ என்ற பதிலும் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பதறாத காரியம் சிதறாது என்று பழமொழி சொல்லிவைத்த ஜனங்கள்தான் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்.

டிரைவர் இல்லாத கார்களைப் பற்றிய கட்டுரைகளைச் சில மாதங்களாக மொழிபெயர்த்துவருகிறேன். ஆபத்து நேரத்தில் இந்தக் கார்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. பத்தில் ஏழு கட்டுரைகள் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. பிரேக் பிடிக்காத கார். நேரே போனால் ஐந்து பேர் சாவார்கள், திருப்பினால் ஒருவர் சாவார். யாரைக் கொல்வது? 1967-ல் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஃபிலிப்பா ஃபுட் ஒரு டிராம் வண்டியை வைத்துக் கேட்ட கேள்வி இது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் அதைக் காருக்கு மாற்றி, உலகெங்கும் கேட்டு, சுமார் 4 கோடி பதில்களைத் திரட்டி 2018-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். கிழவரா குழந்தையா, பணக்காரரா ஏழையா என்றெல்லாம் ஜனங்கள் உற்சாகமாகத் தீர்ப்பு வழங்கியிருந்தார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே ஜெர்மனி அரசு நியமித்த அறநெறிக் குழு இந்த விளையாட்டுக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டது: தவிர்க்க முடியாத விபத்தில் வயது, பால், உடல்நிலை ஆகியவற்றைப் பார்த்து ஆளுக்கு ஆள் வேறுபாடு காட்டக் கூடாது. எனக்கு ஜெர்மன்காரர்கள் சொல்வது பிடித்திருக்கிறது. ஆனால் கேள்வியே பிசகு என்பது என் எண்ணம். நிஜமாகவே நடந்து, விசாரணை அறிக்கையும் வெளிவந்த விபத்துகளைப் படித்துப் பார்த்தால், எதிலும் கார் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. எதிரே இருப்பது என்ன என்றே அதற்குப் புரிந்திருக்கவில்லை.

2018 மார்ச் 18, இரவு சுமார் பத்து மணி. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரம். ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடக்கிறார். உபேர் கம்பெனி சோதனைக்கு விட்டிருந்த வால்வோ கார் வருகிறது. மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே காரின் கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. சாலையில் 5.6 விநாடி என்பது கொஞ்ச நேரமல்ல. நிதானமாக பிரேக் போட்டு நின்று, ஜன்னலை இறக்கித் திட்டவும் போதும். ஆனால் கம்ப்யூட்டர் அவருக்குப் பெயர் வைக்கும் வேலையில் மாட்டிக்கொண்டது. முதலில் வாகனம் என்றது. பிறகு ‘வேறு ஏதோ’ என்றது. பிறகு சைக்கிள் என்றது. பெயரை மாற்றிய ஒவ்வொரு முறையும் அவர் அதுவரை நடந்துவந்த தடத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட்டது. நடைபாதைக் குறியீடு இல்லாத இடத்திலும் மனிதர் குறுக்கே வரலாம் என்ற எண்ணமே அந்த மென்பொருளில் இல்லை என்பதை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் கண்டுபிடித்தது. (நம் ஊரில் இந்த மென்பொருள் தெருமுனைகூடத் தாண்டாது.) கடைசியில் ஆபத்து என்று தெரிந்தபோதும், தெரிந்தது சரிதானா என்று பார்ப்பதற்காக ஒரு விநாடி சும்மா இருக்கும்படி அதற்குக் கட்டளை. வண்டி காரணமில்லாமல் குலுங்கி நிற்கக் கூடாதல்லவா! வால்வோவுடனேயே வந்திருந்த அவசர பிரேக் ஏற்பாடு, கம்ப்யூட்டர் ஓட்டும்போது வேலை செய்யாதபடி நிறுத்தப்பட்டிருந்தது. அந்தப் பெண் இறந்துபோனார்.

இது மொழிபெயர்ப்பாளனுக்குப் பரிச்சயமான இடம். ஒரு சொல்லுக்குப் பொருள் பிடிபடாவிட்டால் நாங்கள் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு நிற்போம். யாரையாவது கேட்போம். என்னவென்று தெரியவில்லையே என்பதே நிற்பதற்குப் போதுமான காரணம். அந்தக் காருக்கு அது காரணமாகத் தோன்றும்படி யாரும் எழுதிவைக்கவில்லை.

இன்னொரு சம்பவம் இதைவிட என்னைத் தொந்தரவு செய்தது. 2023 அக்டோபர் 2, இரவு ஒன்பதரை மணி வாக்கில் சான் ஃபிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில் நடந்தது. சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை, மனிதர் ஓட்டிவந்த நிசான் கார் ஒன்று இடித்தது. தூக்கியெறியப்பட்ட அவர், பக்கத்துத் தடத்தில் வந்த டிரைவர் இல்லாத டாக்ஸிக்கு முன்னால் விழுந்தார். ஜெனரல் மோட்டார்ஸின் துணை நிறுவனமான குரூஸ் ஓட்டிய டாக்ஸி அது. கார் பிரேக் போட்டது, மோதியது, நின்றது. இதுவரை எந்த நல்ல டிரைவருக்கும் நேரக்கூடியதுதான். அதன் பிறகு நடந்ததுதான் விஷயம்.

மோதல் நேர்ந்தால் நடுச்சாலையில் நிற்காமல் ஓரமாக ஒதுங்கு என்பது அந்தக் காருக்குக் கற்பிக்கப்பட்டிருந்த பாடம். ‘ஆபத்து மிகக் குறைந்த நிலை’ என்று அதற்கு இத்துறையில் பெயர். முன்புறம் நடந்த மோதலைக் கார் பக்கவாட்டு மோதல் என்று தவறாகக் கணித்தது. அடியில் ஒரு மனித உயிர் சிக்கியிருப்பதை உணரவில்லை. இடது பக்க கேமரா ஒன்றில் அவருடைய கால்கள் தெரிந்தபடிதான் இருந்தன. அவை என்ன என்று கார் அடையாளம் காணவில்லை. பாடத்தில் சொன்னபடி ஓரம் ஒதுங்கப் புறப்பட்டது. சுமார் 20 அடி தூரம், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் வரை, அவரை இழுத்துக்கொண்டு போய் நின்றது. அந்தப் பெண் பலத்த காயங்களுடன் உயிர் பிழைத்தார்.

இதைத் தமிழில் எழுதி முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் அமெரிக்கா அல்ல, திருச்சி.

எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்த காலம். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு தனியார் டவுன் பஸ்ஸில் முன்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். காலை நேரம். மழை பெய்து ஓய்ந்து, சாலையெல்லாம் முட்டைக்கோஸ் இலை. கூடையோடு குறுக்கே வந்த ஒரு பாட்டி வழுக்கி விழுந்தார். டிரைவர் பிரேக்கை மிதித்தார். நாங்கள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தோம். வண்டி நின்றுவிட்டது. ஆனால் பாட்டியைக் காணோம். கண்ணாடிக்கு முன்னால் கூடை மட்டும் உருண்டது. பின்னாலிருந்து லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கிப் பிடித்தார்கள். டிரைவரின் கை, பழக்கத்தில், கியருக்குப் போனது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கலாம் என்றுதான் நினைத்திருப்பார்.

அதற்குள் தெரு மொத்தமும் கத்தியது. பஸ்ஸின் பக்கத் தகரத்தைப் பத்துக் கைகள் தட்டின. விசில் வாயிலிருக்க, கண்டக்டர் பின்படியிலிருந்து குதித்து முன்னால் ஓடிக் குனிந்து பார்த்தார். “எடுக்காதீங்கண்ணே! அப்படியே நிக்கட்டும்! சேலை டயருக்கடியில இருக்கு!” டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மேலே தூக்கிக் காட்டினார். நான் ஒன்றும் செய்யவில்லை என்று தெருவுக்குச் சொல்வதைப் போல. பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார். கண்டக்டர் மண்ணில் படுத்து ஊர்ந்து உள்ளே போய் சேலையை வெட்டினார். பாட்டிக்கு முழங்கையில் தோல் வழன்றிருந்தது, அவ்வளவுதான். வெளியே வந்ததும் அவர் முதலில் கேட்டது கூடையை. நல்ல சேலையைக் கத்தரித்துவிட்டதற்காகக் கண்டக்டரை வையவும் வைதார்.

அந்த டிரைவர் மகாகெட்டிக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது சான் ஃபிரான்சிஸ்கோ காருக்குத் தெரிந்ததைவிடக் குறைவு. அவர் இருக்கையிலிருந்து பாட்டி கண்ணுக்கே படவில்லை; கேமரா எதுவும் இல்லை. அவரும் ஓரங்கட்டத்தான் இருந்தார். அவரை நிறுத்தியது தெருவின் கூச்சல். தகரத்தைத் தட்டினால் வண்டி நிற்க வேண்டும் என்பது நம் சாலைகளில் எழுதப்படாத மொழி. ஒரு தட்டு, இரண்டு தட்டு, படபடவென்ற தட்டு எல்லாவற்றுக்கும் நம் டிரைவர்களுக்கு அர்த்தம் தெரியும். அதற்கு மேல், இறங்கிக் குனிந்து பார்க்க ஒரு ஆள் இருந்தார்.

அப்படியானால் மனிதர் ஓட்டுவதே மேல் என்று முடிவு கட்டிவிட முடியுமா? முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் அந்தப் பெண்ணை முதலில் இடித்த நிசான் காரை ஓட்டியது மனிதர். அவர் நிற்கவே இல்லை, ஓடிவிட்டார். மத்திய அரசின் புள்ளிவிவரப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அதில் 30,486 பேர், மோதிவிட்டு நிற்காமல் போன வண்டிகளால் இறந்தவர்கள். ஓடுபவரை நிறுத்த, பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு பத்தாண்டு வரை சிறை என்றது. 2024 ஜனவரித் தொடக்கத்தில் லாரி டிரைவர்கள் கொதித்தெழுந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்பது அவர்கள் வாதம். அந்த ஆண்டு ஜூலை 1-ல் புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. யந்திரத்துக்கு இந்தப் பயம் கிடையாது. அடிக்குப் பயந்து ஓடாது, குடித்துவிட்டு வராது, தூங்காது. இதெல்லாம் சாதாரண லாபமல்ல. அதனால்தான் நின்ற பிறகு அது என்ன செய்கிறது என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் மனுநீதிச் சோழன் நினைவுக்கு வராமல் போகாது. திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்று அகப்பட்டு இறந்த கதை. சிலப்பதிகாரத்திலும் வரும், பெரிய புராணத்தில் சேக்கிழார் விரிவாகச் சொல்கிறார். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்தச் சோழனுக்குச் சிலையே இருக்கிறது. வாகன விபத்தைப் பற்றி நம்மிடம் உள்ள மிகப் பழைய வழக்கு இதுதான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மகனைத் தேர்க்காலில் இட்ட அரசனைத்தான் நாம் பேசுகிறோம். அதற்கு முன் சேக்கிழார் ஒரு காரியம் செய்கிறார்: இளவரசனைத் தேரிலிருந்து இறக்குகிறார். கன்றைக் கண்டதும் அவன் கலங்கிக் கீழே இறங்கி விழுகிறான், கதறும் பசுவைப் பார்க்கிறான், கிடக்கும் கன்றைப் பார்க்கிறான். தேரை ஓரமாக நிறுத்திவிட்டு வரலாம் என்று அவன் போகவில்லை. பிராயச்சித்தம் செய்துவிடலாமே என்று அமைச்சர்கள் யோசனை சொல்வது பிறகு வருகிறது. அரசன் அதை ஏற்பதில்லை.

நம் காலத்தில் பிராயச்சித்தம் செல்லுபடியாகிறது. குரூஸ் கம்பெனி அந்தப் பெண்ணைக் கார் இழுத்துச் சென்றதை அரசுக்குத் தந்த அறிக்கையில் முழுமையாகச் சொல்லவில்லை. கலிபோர்னியா மாநிலம் அக்டோபர் மாதமே உரிமத்தை நிறுத்தியது. தலைமை அதிகாரி ராஜினாமா செய்தார். 2024-ல் ஒரு அபராதம் 15 லட்சம் டாலர். பொய் அறிக்கைக்காக இன்னொன்று 5 லட்சம் டாலர். டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்ஸித் தொழிலுக்கே பணம் போடுவதை நிறுத்திவிட்டது. டெம்பி விபத்தில் உபேர்மீது குற்ற வழக்கு இல்லை என்று அரசு வழக்கறிஞர் 2019-ல் அறிவித்தார். காரில் காவலுக்கு உட்கார வைக்கப்பட்டிருந்த ஊழியர், கைபேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தவர், 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். அவர் செய்தது தவறுதான். ஆனால் ஒரு விநாடி சும்மா இரு என்று எழுதியவர் யாரும் கூண்டில் ஏறவில்லை.

குரூஸ் தன் 950 கார்களையும் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றியது: இப்படிப்பட்ட மோதலுக்குப் பிறகு ஒதுங்காதே, நின்ற இடத்தில் நில். சரியான திருத்தம்தான். ஆனால் ‘நில்’ என்பதே எல்லா ஆபத்துக்கும் பதிலாகிவிடாது. அதே நகரத்தின் தீயணைப்புத் துறை 2023-ல் வைத்த புகார் நேர் எதிரானது: இந்தக் கார்கள் நின்றுவிடுகின்றன! தீ எரியும் தெருவில், ஆம்புலன்ஸுக்கு முன்னால், நிலையத்தின் வாசலில் வந்து நின்றுகொண்டு அசைய மறுக்கின்றன. ஐம்பதுக்கும் மேற்பட்ட சம்பவங்களைத் துறை பட்டியலிட்டது. அந்த வருடம் ஜனவரியில், தீயணைப்புக் குழாய்களை நோக்கி வந்த ஒரு காரை நிறுத்த, வீரர்கள் அதன் கண்ணாடியை உடைக்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 17 இரவு, விளக்கும் சைரனுமாக எதிர்த் தடத்தில் வந்த தீயணைப்பு வண்டியும் ஒரு குரூஸ் காரும் நாற்சந்தியில் மோதிக்கொண்டன. காரில் இருந்த பயணி ஆஸ்பத்திரிக்குப் போனார். காருக்கு அப்போது பச்சை விளக்கு எரிந்ததாம். கம்ப்யூட்டரின் நியாயம் அது.

2025 டிசம்பர் 20-ல் இன்னொரு வேடிக்கை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு துணை மின்நிலையத்தில் தீப்பிடித்து, நகரின் பெரும் பகுதி இருளில் மூழ்கியது. சிக்னல்கள் அணைந்தன. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டுக்குச் சொந்தமான வேமோ கார்கள் ஆங்காங்கே நாற்சந்திகளில் நின்றுபோயின. சிக்னல் எரியாவிட்டால் எல்லாப் பக்கமும் நின்று பார்த்துப் போக வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியும். இருந்தாலும் சந்தேகம் வந்தால் தொலைவில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவற்றின் வழக்கம். எல்லாக் கார்களுக்கும் ஒரே நேரத்தில் சந்தேகம் வந்தது. பதில் சொல்ல மனிதர் போதவில்லை. கேலி செய்ய எனக்கு மனமில்லை. தெரியாததைத் தெரியாது என்று கேட்ட கார், 5.6 விநாடி பெயர் மாற்றிக்கொண்டிருந்த காரைவிட எவ்வளவோ நல்ல பிள்ளை. அது கேட்ட ஆள்தான் தப்பு. எங்கோ திரைக்கு முன் இருப்பவரைக் கேட்டது. நாற்சந்தியில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தவரைக் கேட்டிருக்கலாம்.

சில ஆபத்தில் அசையக் கூடாது. சில ஆபத்தில் அசைந்தே தீர வேண்டும். எது எந்த வகை என்று முன்கூட்டி ஒரு அறையில் உட்கார்ந்து எழுதிவிட முடியும் என்பதுதான் இந்தத் துறையின் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. காந்தி மார்க்கெட்டில் அதைத் தெரிந்தவர் கீழே குனிந்தவர் மட்டுமே. ஆகவே ஆபத்து நேரத்தில் கார் செய்ய வேண்டியது, இடத்தில் இருப்பவர் பேச்சைக் கேட்பது. தகரத்தில் விழும் தட்டு, கூச்சல், தீயணைப்பு வீரரின் உயர்ந்த கை ஆகியவற்றுக்கெல்லாம், தன் கணக்கு என்ன சொன்னாலும், கட்டுப்பட வேண்டும். குறும்புக்காரப் பையன்கள் காரைத் தட்டி நிறுத்தி விளையாடுவார்களே என்பார்கள். விளையாடட்டும். நம் டவுன் பஸ்கள் அதைப் பல தலைமுறையாகச் சமாளித்துவருகின்றன.

கலிபோர்னியா கொஞ்சம் அந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 2024-ல் கையெழுத்தாகி, 2026 ஜூலை 1 முதல் என்று நாள் குறிக்கப்பட்ட சட்டத்தின்படி, விதி மீறும் ஆளில்லாக் காருக்குப் போலீஸ்காரர் கம்பெனியின் பெயரில் நோட்டீஸ் தரலாம். அதுவரை யார் பெயரில் எழுதுவது என்று தெரியாமல் நின்றார்கள். இடத்தில் இருக்கும் மீட்புப் பணியாளர் காரின் வழியாகவே கம்பெனி ஆளுடன் பேச ஏற்பாடு இருக்க வேண்டும். ஒரு பகுதியை விட்டு விலகச் சொன்னால், இரண்டு நிமிடத்துக்குள் கம்பெனி தன் கார்களுக்கு உத்தரவிட வேண்டும்.

இந்தியாவுக்கு இவை வரவே வராது என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-லும் சொன்னார், 2023-லும் சொன்னார். டிரைவர்களின் வேலை போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். நியாயமான காரணம். ஆனால் தானாக பிரேக் போடும் கார்கள் ஏற்கெனவே நம் சாலைகளில் ஓடுகின்றன. மற்றவை எப்போது எந்த வாசல் வழியாக வரும் என்று அமைச்சர்களால் சொல்ல முடியாது.

நம் சட்டத்தில் இதற்கு ஒரு இடம் தயாராகவே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு, விபத்தில் காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது டிரைவரின் கடமை என்கிறது. கூட்டத்தின் ஆவேசத்தால் முடியாமல் போனால் விலக்கு உண்டு. கூட்டத்தின் ஆவேசத்தைச் சட்டப் புத்தகத்திலேயே எழுதிவைத்த தேசம் நம்முடையது! அந்தப் பிரிவை ஒருமுறை தமிழாக்கியபோது, ‘டிரைவர்’ என்பதை அடுத்து வந்த சொற்றொடரை வெறும் சட்டச் சம்பிரதாயம் என்று நினைத்துக் கடந்தேன்: ‘அல்லது வாகனத்தின் பொறுப்பில் உள்ள வேறொருவர்’. இருக்கையில் யாரும் இல்லாத காரில் அந்த வேறொருவர் யார்? காரை வாங்கியவரா, செய்தவரா, மென்பொருளை எழுதியவரா, எங்கோ திரைக்கு முன் இருப்பவரா? அடியில் ஒருவர் கிடக்கும்போது குனிந்து பார்க்க அவர் எத்தனை நிமிடத்தில் வந்து சேர வேண்டும் என்பதையும் அந்த வரியிலேயே எழுதவேண்டியிருக்கும்.